நடுச்செவத்துக்கு அங்கிட்டு

அத்தியாயம் 9

போன வாரம் அந்தத் தும்மலு பண்ணுன வேலைய மறந்திருக்க மாட்டீக. கோயிலுக்காகச் செல்வக்குமாரு தன் வீட்டுப் பின்னாடி ரூமுல ரெக்கார்டிங் பண்ணுன, திருச்சுழி தங்கலட்சுமி தொண்டைத்தண்ணி வத்தப் பாடுன பாட்டு. அம்மன் கண்ணத் தொறக்குறா, மேளம் நிக்குது, ஊரே மூச்சப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற மாதிரி ஒரு எடம். அங்கன போயி, செவத்துக்கு அங்கிட்டு இருந்து அவன் மாமன் வீரபத்திரன் போட்டான் பாருங்க ஒரு தும்மலு. ஒண்ணு இல்ல, ஏழு.

கோயில்காரவுக அதக் கேட்டுட்டு, "வெள்ளிக்கெழமைக்குள்ள சுத்தமாப் பாடிக் குடுங்க தம்பி, இல்லாட்டி நாங்க மதுரைப் பக்கம் பாத்துக்கிறோம்"னு சொல்லிப்புட்டாக. செல்வக்குமாரு மெட்ராஸ விட்டுட்டு சொந்த ஊருக்கு வந்து பிடிச்ச மொத வேலை அது. அது கையவிட்டுப் போச்சுன்னா அவனும் மெட்ராசுக்கே பொட்டியக் கட்ட வேண்டியதுதான்.

அதான் இப்ப பாளையம்பட்டியில அந்தப் பின்னாடி ரூமுக்கு, சத்தம் உள்ளயும் வராம வெளியயும் போகாம, நாலு பக்கமும் அடைக்கிற வேலை நடக்குது. மூணு செவரு முடிஞ்சுருச்சு. மேல தட்டும் முடிஞ்சுருச்சு. இன்னைக்குப் புதன்கெழமை. நடுச்செவத்தோட மொறை.

செல்வத்தோட ஆத்தா வெள்ளைத்தாய்க்கு அதை நெனைச்சு ராவெல்லாம் பொட்டுத் தூக்கமில்ல. காலையில அஞ்சு மணிக்கெல்லாம் சொளகையும் உளுந்தையும் எடுத்துக்கிட்டு அந்த ரூமுக்குள்ள போயி, நடுச்செவத்த ஒட்டி உக்காந்துட்டா.

அவ அய்யா கட்டுன வீடு அது. கல்யாணமாகி மூணாம் வருசமே புருசன வாரிக் குடுத்துட்டுக் கைப்பிள்ளையோட வந்து நின்னவளுக்கு, அய்யா நடுவுல ஒரு செவத்த எழுப்பிப் பாதி வீட்டக் குடுத்தாரு. இந்தப் பாதி அக்காளுக்கு, அந்தப் பாதி தம்பி வீரபத்திரனுக்கு. ரெண்டு பக்கத்துக்கும் சேத்து ஒரே பல்புதான். நடுச்செவத்துல ஒரு ஓட்டையப் போட்டு அதுக்குள்ள மாட்டிவிட்டாரு. அங்கிட்டு சுச்சியப் போட்டா இங்கிட்டும் வெளிச்சம்.

செல்வக்குமார தோள்ல தூக்கிப் போட்டு வளத்தது வீரபத்திரன்தான். பன்னெண்டாப்பு முடிச்சதும், தான் வேலை பாக்குற நூல் மில்லுலயே பயலுக்கு ஒரு வேலையும் சொல்லி வச்சிருந்தான். பய என்னடான்னா சவுண்டு இஞ்சினியருக்குத்தான் படிப்பேன்னு ஒத்தைக் கால்ல நின்னான். தம்பிகிட்டச் சொன்னா விடமாட்டான்னு பயந்துபோயி, வெள்ளைத்தாயி ஒரு விடியக்காலம் பயல பஸ் ஏத்தி விட்டுட்டா. மூணு நாள் கழிச்சு டீக்கடையில வச்சு யாரோ சொல்லித்தான் வீரபத்திரனுக்குச் சேதியே தெரியும்.

"நான் என்ன செத்தா போயிட்டேன்? எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியாக்கா?"

வாசல்ல நின்னு அதக் கேட்டவன், நேரா காளி கோயிலுக்குப் போயிச் சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணிப்புட்டான். இவ வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன், இவகிட்ட ஒரு வார்த்தை பேசமாட்டேன். அன்னைக்குச் சாயங்காலமே பல்பக் கழட்டிட்டு, அவன் பக்கத்துல இருந்து ஓட்டைக்குள்ள ஒரு செங்கல்லச் சொருகிட்டான். இவளும் ரோசத்துல இந்தப் பக்கம் ஒரு காலண்டர மாட்டுனா.

ஆறு காலண்டரு மாறிருச்சு.

ஆனா சத்தம் மட்டும் வந்துக்கிட்டேதான் இருந்துச்சு. காலையில அஞ்சு மணிக்குத் தும்மலு. மில்லுப் பஞ்சு மூக்குக்குள்ள போயிப் போயி வந்த சீக்கு. வெள்ளைத்தாயி உளுந்தப் புடைச்சுக்கிட்டே எண்ணுவா. ஏழுன்னா நல்லாருக்கான். பத்துக்கு மேல போச்சுன்னா சளி பிடிச்சிருக்கு. அன்னைக்கு முழுக்க அவளுக்கு ஒரு வேலை ஓடாது.

இன்னைக்கும் எண்ணுனா. ஏழு.

தும்மி முடிச்ச கையோட, வழக்கம்போல செவரே அதிர்ற மாதிரி ஒரு சத்தம்.

"ராஜி! இன்னைக்கு மொத சிப்டுதான்! ரெண்டு மணிச் சங்கு ஊதுனதும் வந்துருவேன்!"

கொஞ்ச நேரம் கழிச்சு, "ராஜி! சுகர் மாத்திரை போட்டாச்சு! முழங்கால் வலி இன்னைக்குத் தேவலை!"

ராஜிங்கிறது அவன் பொண்டாட்டி ராஜேஸ்வரி. அவ பதில் சொல்லி ஒரு நாளும் கேட்டதில்ல. பாவம், அவளுக்குக் காது மந்தமாப் போச்சு, அதான் மனுசன் இப்படித் தொண்டை கிழியக் கத்துறான்னு வெள்ளைத்தாயி முடிவு பண்ணி வருசம் ஆறாச்சு. தெருக்கொழாயில ஒருநாள் ராஜி காதுகிட்டப் போயி, "கொடம் நெறைஞ்சுருச்சு!"ன்னு ஒரு கத்துக் கத்துனதுல, அவ வெடுக்குன்னு கொடத்தத் தூக்கிட்டுப் போயிட்டா. சரி, சீக்க ஊரறியச் சொல்லிட்டோம்னு கோவம் போலன்னு இவளே சமாதானம் சொல்லிக்கிட்டா. அதோட விட்டாளா? இருக்கங்குடி அம்மன் கோயிலுக்குப் போனப்ப, தம்பி பொண்டாட்டிக்குக் காது கேக்கணும்னு வேண்டி, வெள்ளித் தகட்டுல ஒரு காது வாங்கி உண்டியல்ல போட்டுட்டு வந்தா. யாருகிட்டயும் மூச்சு விடல.

மொதச் சங்கு ஊதுச்சு. அங்கிட்டு சைக்கிள் ஸ்டாண்டு எடுக்குற சத்தம். செயின் கவரு லொடலொடங்குற சத்தம் தெரு முக்கு வரைக்கும் போச்சு.

நாளையில இருந்து இதுல ஒண்ணுகூடக் கேக்காது.

*

ஒம்பது மணிக்கு அருண்பாண்டியன் வந்தான். மரவேலைக்காரன். பலகையும் ஸ்க்ரூ மிஷினும் அதுபாட்டுக்கு வேலை செஞ்சுக்கிட்டிருக்கும், அவன் வாய் அதுபாட்டுக்குப் பேசிக்கிட்டிருக்கும்.

"எதுக்கு பெரியம்மா இம்புட்டுச் செலவு? புரோட்டாக் கடையில கேட்டா முட்டை அட்டை சும்மாவே தருவாங்க. நாலு செவத்துலயும் ஒட்டிவிட்டா சோலி முடிஞ்சுச்சு."

"அண்ணே, முட்டை அட்டை உள்ள எதிரொலிய வேணா கொஞ்சம் கொறைக்கும். செவத்தத் தாண்டுற சத்தத்த அதால பிடிக்க முடியாது"ன்னான் செல்வக்குமாரு. "அதுக்குக் கனம் வேணும். எடைவெளி வேணும். ஒரு சந்து பொந்து இருக்கக் கூடாது. சத்தமும் தண்ணி மாதிரிதான், ஊசி நுழையுற ஓட்டை கெடைச்சாப் போதும், வந்துரும்."

அதனால செவத்துல ஒட்டாம ரெண்டு விரக்கடை தள்ளி மரச்சட்டத்த நிறுத்தி, அதுக்குள்ள போர்வை மாதிரி கனமான பஞ்ச அடைச்சு, மேல ரெண்டு அடுக்குப் பலகைய அடிக்கிறது. மூணு செவத்துக்கும் அப்படித்தான் பண்ணியிருந்தாக. பாட வர்றவுக அடுப்படிக்குள்ள பூந்து வரக் கூடாதுன்னு ரோட்டுப் பக்கம் புதுசா ஒரு வாசலும் வச்சு, நேத்துத்தான் கனமான கதவு ஒண்ண மாட்டுனாக. சுத்தி ரப்பரு வச்ச கதவு.

அருண்பாண்டியன் உள்ள ஒரு செவப்பு பல்ப மாட்டிட்டு, வெளிய போயி சுச்சிய அமுக்கிக் காட்டுனான். பல்பு எரிஞ்சுச்சு.

"இனிமே யாரு வந்து கதவத் தட்டுனாலும் உள்ள கேக்காது பெரியம்மா. பெல்லு வச்சா அதுவும் பாட்டுல விழுந்துரும். வெளிய அமுக்குனா உள்ள வெளக்கு எரியும். நீங்க பாத்துட்டுத் தொறந்து விடணும்."

வெள்ளைத்தாய் பல்பப் பாக்கல. மகனோட கையப் பிடிச்சு ஓரமாக் கூட்டிட்டுப் போனா.

"ஏய்யா, இந்த நடுச்செவத்த மட்டும் விட்டுட்டா என்ன?"

"என்னம்மா நீ! இந்தச் செவத்துக்காகத்தான இம்புட்டும்!"

"அது இல்லய்யா... செவரு பழசு. சட்டம் கிட்டம் அடிச்சா விழுந்து வைக்கப் போகுதேன்னு..."

"செவத்துல ஒரு ஆணிகூட அடிக்கலம்மா."

அவன் மொகத்த உத்துப் பாத்தான். அவ சொளகத் தூக்கிக்கிட்டு அடுப்படிக்குப் போயிட்டா. என்னன்னு சொல்லுவா? தும்மல எண்ணணும்யான்னா சொல்ல முடியும்?

*

பதினோரு மணி இருக்கும். "தம்பி, இங்க வாங்க"ன்னு அருண்பாண்டியன் குரலு. காலண்டரக் கழட்டி வச்சுட்டு ஓட்டைக்குள்ள கைய விட்டுப் பாத்துக்கிட்டிருந்தான்.

"அங்கிட்டுச் செங்கல்லு வச்சு அடைச்சிருக்குன்னு சொன்னீங்களே. ஒண்ணையும் காணோம்."

"காணோமா?"

"கையி நேரா அந்த வீட்டுக்கே போகுது. விரல்ல தாள் தட்டுப்படுது. அவுகளும் காலண்டருதான் மாட்டியிருக்காக போல."

வெள்ளைத்தாயி கரண்டியோட வந்து எட்டிப் பாத்தா. அந்தக் கோடியில நெசமாவே ஒரு தாளு. வெளிச்சம் பட்டு மங்கலா, தேதியெல்லாம் பின்பக்கமாத் தெரிஞ்சுச்சு. செங்கல்லு இருந்ததுக்கு ஒரு துளி மண்ணுகூட இல்ல. யாரோ சுத்தமாத் தொடைச்சு வச்சிருக்காக.

"இதச் சிமிண்டு வச்சு அடைச்சாத்தான் மத்தது"ன்னான் அருண்பாண்டியன். "ஆனா அங்கிட்டு ஒருத்தரு பலகைய அண்டக் குடுத்துப் பிடிக்கணும். இல்லன்னா கலவையெல்லாம் அவுக வீட்டுக்குள்ள விழும். இன்னைக்கே முடிக்கணும் தம்பி, நாளைக்கு நான் காரியாபட்டி வேலைக்குப் போகணும்."

ஆத்தாளும் மகனும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாக.

"நான் போனா அத்தைக்குத்தான் சங்கடம். மாமா வந்து அவுகளத் திட்டும்"ன்னான் செல்வம். "நீ போம்மா. சத்தியம் பண்ணது மாமாதான? நீ ஒண்ணும் பண்ணலயே?"

நெசந்தான். ஆறு வருசத்துல இவளுக்கு அது தோணவே இல்ல.

*

பத்து எட்டு நடந்தா தம்பி வீடு. பத்து எட்டுக்குள்ள ரெண்டு தடவ திரும்பிருவோமான்னு நின்னா.

ராஜேஸ்வரி வாசல்ல உக்காந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்தா. நிமிந்து பாத்தவ, அப்படியே எந்திரிச்சு நின்னுட்டா.

"ராஜி!"ன்னு வெள்ளைத்தாயி காது கேக்கணும்னு ஓங்கிச் சொன்னா. "ஒண்ணுமில்ல! ஒரு பலகையப் பிடிக்கணும்!"

"எதுக்கு மதினி இப்படிக் கத்துறீக?"

"ஒனக்குக் கேக்கணுமில்ல!"

"எனக்கு என்ன கேடு? நல்லாத்தான கேக்குது. அன்னைக்குக் கொழாயடியிலயும் இப்படித்தான் காதுக்குள்ள கத்துனீக. அத்தன பேரு முன்னாடி."

வெள்ளைத்தாய்க்கு வாய் தொறந்தபடியே நின்னுச்சு. "அப்ப... ஒனக்குக் காது மந்தமில்லையா? தம்பி ஒங்கிட்ட அம்புட்டுச் சத்தமாப் பேசுறானே?"

"எங்கிட்டயா?" ராஜி வெங்காயக் கையால மொகத்தத் தொடைக்கப் போயி, பாதியில நிறுத்திட்டா. "எங்கிட்ட அவுக பேசுறது பக்கத்துல நின்னாக்கூட எனக்கே சரியாக் கேக்காது மதினி. அம்புட்டு மெதுவாப் பேசுவாக. காலையிலயும் வேலை விட்டு வந்ததும் மட்டும் அந்த ரூமுக்குள்ள போயி நின்னுக்கிட்டு, ராஜி ராஜின்னு கத்துவாக. நான் அடுப்படியில இருப்பேன். மாத்திரைய எடுத்துக் குடுத்ததே நானு, எங்கிட்டயே மாத்திரை போட்டாச்சுன்னு எதுக்குக் கத்தணும்?"

"எதுக்கு?"

ராஜி உள்ள கூட்டிட்டுப் போயி அந்தச் செவத்தக் காட்டுனா. காலண்டருக்குக் கீழ தரை தேய்ஞ்சு பளபளன்னு இருந்துச்சு. ஒரு மனுசன் தெனம் நிக்கிற எடம்.

"செங்கல்லச் சொருகி ஒரு மாசம்கூட இருக்காது. அவுகளே உருவிப் போட்டுட்டாக. ஏன்னு கேட்டேன். காத்து வரலன்னாக."

வெள்ளைத்தாயி அந்த எடத்துல நின்னு பாத்தா. அஞ்சு மணிக்கு இவ உக்காருற எடத்துக்கும் இதுக்கும் நடுவுல ஒரு மொழம்கூட இருக்காது.

"ஏண்டி, ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லக் கூடாதா?"

"சத்தியம் பண்ணிட்டுத் தவிக்கிற மனுசன் மதினி. நான் சொன்னா அதுவும் பேசுன கணக்காயிருமோன்னு எனக்குப் பயம்."

இருக்கங்குடியில போட்ட வெள்ளிக் காதப் பத்தி வெள்ளைத்தாயி வாயே தொறக்கல. அது அம்மனுக்கும் அவளுக்கும் உள்ளது.

*

வீட்டுக்கு வந்தவ மொகத்தப் பாத்துட்டு செல்வம் பயந்துட்டான். நடந்ததச் சொல்லி முடிச்சா.  அவன் கரண்டியில இருந்த கலவையச் சட்டியில தட்டுனான்.

"வேணாம்மா. விட்டுருவோம். நான் மெட்ராசுக்கே போயிக்கிறேன். மாசம் ஒரு தடவ வாரேன்."

"நீ போயி ஆறு வருசம் நான் எப்படி இருந்தேன்னு ஒனக்குத் தெரியுமாடா?"  அந்த ஆறு வருசமும் அவளுக்குத் தொணையா இருந்தது இந்த ஓட்டை வழியா வந்த சத்தம் மட்டுந்தான். இப்ப மகன் இருக்கணும்னா அது போகணும். அது இருக்கணும்னா மகன் போகணும்.

"அடைக்கத்தான் செய்யணும். ஆனா சங்கு ஊதட்டும். அதுவரைக்கும் யாரும் கைய வைக்காதீக."

அருண்பாண்டியன் கடியாரத்தப் பாத்தான். அவ மொகத்தப் பாத்தான். "சரி, நான் போயி ஒரு டீயக் குடிச்சுட்டு வாரேன் பெரியம்மா"ன்னு எந்திரிச்சுட்டான். நல்ல பய.

ரெண்டு மணிக்குச் சங்கு ஊதுச்சு. ரெண்டேகாலுக்கு லொடலொடன்னு செயின் கவரு. டீக்குப் போனவனும் வந்து சேந்துட்டான். அங்கிட்டு ஸ்டாண்டு போடுற சத்தம். செருப்பக் கழட்டுறது. நடந்து வர்றது. நிக்கிறது.

"ராஜி! வந்துட்டேன்! இன்னைக்கு மில்லுல..."

"ஏய்யா செல்வம்!"ன்னு வெள்ளைத்தாயி ஒரே கத்து.

அங்கிட்டுச் சத்தம் பொசுக்குன்னு நின்னுச்சு.

"என்னம்மா, இங்கனதான நிக்கிறேன்"ன்னான் செல்வம்.

"நீ சும்மா நில்லுய்யா! நான் ஒங்கிட்டத்தான் பேசுறேன்! இன்னைக்கு இந்த ஓட்டைய அடைக்கப் போறோம்யா. இனிமே தும்முறதும் கேக்காது, முழங்கால் வலி எப்படி இருக்குன்னும் தெரியாது. ஆறு வருசமா யாரோ யாருகிட்டயோ பேசுறாகன்னு நெனைச்சுக்கிட்டுச் சும்மா உக்காந்திருந்தேன்யா. கூறுகெட்டவ."

 அவ செவத்துல கைய ஊனிக்கிட்டா.

"அன்னைக்கு ஒன்னைய பஸ் ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்யா. சொல்லாமப் போனது என் தப்புத்தான்."

அங்கிட்டு மூக்க உறிஞ்சுற சத்தம். தும்மலு இல்ல அது. அப்பறம் அந்தப் பக்கத்துக் காலண்டரு அசைஞ்சுச்சு. யாரோ கழட்டுறாக. ஓட்டைக்குள்ள அந்த வீட்டு வெளிச்சம் வந்து இவ புறங்கையில விழுந்துச்சு.

"ராஜி! பய ஊரோட இருக்கணும்னா அடைக்கத்தான் வேணும்! கலவை இங்கிட்டு வழியாம நான் பலகையப் பிடிச்சுக்கிறேன்னு சொல்லு!"

அடுப்படியில இருந்து ராஜி மெதுவாச் சொன்னது இங்க வரைக்கும் கேட்டுச்சு. "சொல்லவா வேணும்? ஊருக்கே கேட்டிருக்கும்."

அங்கிட்டு ஒரு பலகை வந்து ஓட்டைய மறைச்சுச்சு. செல்வம் ஒடைகல்லையும் கலவையையும் வச்சு வச்சு உள்ள அமுக்குனான். ஒவ்வொரு தடவ அமுக்குறப்பவும் அந்தப் பக்கத்துக் கையி பலகையோட சேந்து ஈடு குடுத்துச்சு. வெள்ளைத்தாயி மகன விலக்கி விட்டுட்டுத் தானே உள்ளங்கைய வச்சு அமுக்குனா. அங்கிட்டும் அமுங்குச்சு. விடல. இவளும் விடல.

கடைசியா மேல ஒரு விரல் நுழையுற சந்துதான் பாக்கி. அதுல இருந்து குரலு வந்துச்சு. இந்தத் தடவ கத்தல.

"ராஜி... விடியக்காலம் சொளகுச் சத்தம் கேக்காட்டி, நான் எப்படி எந்திரிக்கிறது?"

 அவன் அவ உளுந்து புடைக்கிறதக் கேட்டுத்தான் எந்திரிக்கிறானா? வெள்ளைத்தாயி அவசர அவசரமாச் சந்துக்கு நேராக் குரல் குடுத்தா.

"ஏய்யா செல்வம்! ரோட்டுப் பக்கம் வச்ச வாசப்படி நேத்து வச்சது! அது பழைய வாசப்படி இல்லய்யா! அத மிதிக்கிறதுக்கு யாருக்கும் ஒரு தடையும்..."

பின்னாடி இருந்து அருண்பாண்டியன் நீட்டுன கரண்டி, கடைசிக் கலவைய அந்தச் சந்துல அப்பிருச்சு.

"அய்யய்யோ! இன்னும் பேசி முடிக்கலையா பெரியம்மா? நான் முடிஞ்சுருச்சுன்னுல்ல நெனைச்சேன்!"

அவ செவத்துல காத வச்சா. ஒண்ணும் கேக்கல. கேட்டுச்சா, கேக்கலையா? எது வரைக்கும் கேட்டுச்சு?

"எடுத்துறவா பெரியம்மா?"

"வேணாம்"னா. "பலகைய அடிங்க."

*

அஞ்சு மணிக்கெல்லாம் வேலை முடிஞ்சுச்சு. அருண்பாண்டியன் சாமானக் கட்டிக்கிட்டுக் கெளம்பிட்டான். செல்வம் கனமான கதவ இழுத்துச் சாத்துனான்.

இப்படி ஒரு அமைதிய வெள்ளைத்தாயி பொறந்ததுல இருந்து கேட்டதில்ல. தெரு இல்ல, பஸ்ஸு இல்ல, ஆடு இல்ல. அவ மூச்சு அவளுக்கே பெருசாக் கேட்டுச்சு. மகன் செல்போன எடுத்துச் சத்தத்த அளந்து பாத்துட்டுச் சிரிச்சான்.

"அம்மா, ஒரு பொட்டுச் சத்தம் இல்ல! வெள்ளிக்கெழமை தங்கலட்சுமி அக்கா வரட்டும்!"

"நல்லாருக்குய்யா"ன்னா. நெசமாவே சந்தோசந்தான். கைதான் பழக்கத்துல நடுச்செவத்தத் தடவிக்கிட்டே இருந்துச்சு. புதுப் பலகை. மொழுமொழுன்னு, வாயில்லாத பிள்ளை மாதிரி இருந்துச்சு.

அப்பத்தான் செவப்பு பல்பு எரிஞ்சுச்சு.

ரெண்டு பேரும் பாத்தாக. அணைஞ்சுச்சு. மறுபடி எரிஞ்சுச்சு. இந்தத் தடவ அணையவே இல்ல. வெளிய யாரோ சுச்சியில கைய வச்சவுக எடுக்காம நிக்கிறாக.

"அருண்பாண்டி அண்ணன் எதையாவது மறந்துட்டுப் போயிருப்பாரும்மா"ன்னு செல்வம் எந்திரிச்சான்.

"நீ இரு"ன்னா வெள்ளைத்தாயி.

சேலைத் தலைப்புல கைய நல்லாத் தொடைச்சா. விரல் எடுக்குல அப்பியிருந்த சிமிண்டு மட்டும் போகல. மெதுவா நடந்து போயிக் கதவுல கைய வச்சா. வெளிய நிக்கிறது யாருன்னு அவளுக்குத் தெரியல. அங்க நின்னு ஏழு தடவ தும்முனாக்கூட இனிமே இங்க கேக்காது.

தொறந்துதான் பாக்கணும்.